காதில் ஓயாத சில்வண்டுச் சத்தம்: "பழகிக்கொள்ள வேண்டியதுதான்" என்கிறார்கள், உண்மையா?

பல்லடத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்குத் தறிக்கான நூல் தார் சுற்றிக் கொடுத்ததில் தொடங்கி இன்றுவரை விசைத்தறிச் சத்தத்துக்குள்தான் இருக்கிறேன். சில மாதங்களாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவது போல ஒரே சத்தம். பகலில் தறி ஓடும்போது தெரிவதில்லை. இரவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றுவிட்டால் போதும், தலைக்குள் அது மட்டும்தான் இருக்கிறது. தூக்கம் கெட்டுவிட்டது.

ஈஎன்டி டாக்டரிடம் போனேன். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "நரம்பு பிரச்சினை, இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள்" என்றார். சொல்லிவிட்டு பீட்டாஹிஸ்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்து கிடையாது என்றால் இந்த மாத்திரை எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகு மனைவி கேட்கிறார். இது மூளையில் கட்டியாக இருக்குமா? காது முழுதாகப் போய்விடுமா? உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாதா?

ஓய்வுபெற்ற கணக்கர்:

தம்பி, முதலில் பயப்படாதீர்கள். எனக்கு இது பல வருடப் பழக்கம். மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சோதனை எடுத்தார்களா? சத்தம் இரண்டு காதிலும் ஒரே மாதிரியா, ஒரு பக்கம் மட்டும் கூடுதலா? நாடித்துடிப்போடு சேர்ந்து "புஸ் புஸ்" என்று வருகிறதா, இல்லை இழுத்த மாதிரி ஒரே சீராக வருகிறதா? இவை தெரியாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் அது ஜோசியம்தான்.

பல்லடத்தான்:

ஆடியோகிராம் எடுக்கவில்லை சார். இரண்டு காதிலும் ஒரே மாதிரிதான், சீராக வருகிறது. துடிப்பு எதுவும் இல்லை. தலைசுற்றல் இல்லை. டிவி சத்தத்தை நான் அதிகமாக வைக்கிறேன் என்று வீட்டில் சண்டை வருவது உண்டு. அது இதோடு சேருமா என்று தெரியவில்லை.

செவிமணி:

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், மதுரைப் பக்கம். டிவி விஷயம் இதோடு கண்டிப்பாகச் சேரும். நான் சொல்வது பொதுவான விளக்கம்தான், நேரில் பார்க்கும் மருத்துவருக்கு மாற்று இல்லை.

உட்காதில் காக்ளியா என்ற நத்தைச் சுருளுக்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உண்டு. ஒலியை நரம்புக்கு ஏற்ற மின்குறிப்பாக மாற்றுவது அவைதான். செத்துப்போனால் மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. பெரும் சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு முதலில் அடிபடுவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் பகுதி. ஆடியோகிராமில் 4000 பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் நாங்கள் முதலில் கேட்பது "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்றுதான். இந்த நிலையில் ஆள் பேசுவது கேட்கும். ஆனால் ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் மழுங்கிவிடும். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் சொல் பிடிபடாது. "கேட்கிறது, புரியவில்லை" என்பார்கள்.

அந்த இடத்திலிருந்து குறிப்பு வருவது குறைந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. மைக்கில் பேச்சு எடுக்கவில்லை என்று மைக்செட்காரர் ஆம்பிளிஃபயரைத் திருகிக்கொண்டே போனால், யாரும் பேசாதபோதும் பெட்டி இரையும் இல்லையா? அது போலத்தான். காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. வெறும் நரம்பு ஓட்டமே சத்தமாகக் கேட்கிறது. அதனால்தான் பெரும்பாலோருக்குச் சத்தத்தின் சுருதி, கேட்கும் திறன் குறைந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இன்னொன்று. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரை ஒலிபுகாத அறையில் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். நிசப்தத்தில் உற்றுக் கேட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது கேட்கும்.

பீட்டாஹிஸ்டின் தலைசுற்றலுக்குக் கொடுக்கிற மருந்து. காது இரைச்சலுக்கு அது பயன்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2018-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் வழக்கத்தில் எழுதுகிறார்கள். உங்களுக்குத் தலைசுற்றலே இல்லை என்பதால், எதற்காக எழுதினார் என்று அடுத்த முறை மரியாதையாகக் கேளுங்கள்.

மூலிகைநேசன்:

நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு காதில் விட்டால் போதும். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம். கூடவே ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை எடுங்கள், காபியை அடியோடு நிறுத்துங்கள். டாக்டர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

யாழ்தாதி:

மன்னிக்க வேண்டும் அண்ணா, இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக ஏலாது. நான் காது மூக்கு தொண்டை வார்டில் வேலை செய்த தாதி. தங்கள் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் அது பலருக்குத் தெரியாது. அதற்குள் எண்ணெய் போனால் நடுக்காதில் கிருமி பிடித்து, சீழ் வடிந்து வந்து நிற்பார்கள். சூடு கணக்குத் தப்பினால் தோல் வெந்துவிடும். குரும்பி, அதாவது காது அழுக்கு அடைத்து அதனால் இரைச்சல் வருவதும் உண்டுதான். ஆனால் அதை மருத்துவர் பார்த்து எடுக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி குரும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

ஜிங்கோ, மெலடோனின், துத்தநாக மாத்திரை எதையும் இரைச்சலுக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2014-ல் அமெரிக்க ஈஎன்டி மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஜிங்கோ இரத்த உறைவைப் பாதிக்கக்கூடியது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆட்கள் அதைத் தொடவே கூடாது.

எண்ணெயை விட்டுவிட்டு நீங்கள் குடிக்கிற மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின் இரைச்சலைக் கொண்டுவரும், நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் நிரந்தரமாகவே காதைக் கெடுக்கலாம். அந்தச் சிகிச்சை நடக்கும்போது காதில் புதிதாகச் சத்தம் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். நீங்களாக ஊசியை நிறுத்தவும் கூடாது.

ஓய்வுபெற்ற கணக்கர்:

காபி பற்றி நானும் ஒரு வார்த்தை. திடீரென்று நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இதைச் சோதித்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள், காபியை நிறுத்தியதால் இரைச்சல் குறையவில்லை. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மாலைக் காபியை விடுங்கள், அது வேறு கணக்கு. எனக்குக் காலை டிகாக்‌ஷன் இல்லாமல் ஆகாது.

கோவைமல்லி:

கணக்கர் ஐயா முதலில் கேட்ட துடிப்புக் கேள்வியை யாரும் லேசாகத் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு வலது காதில் நெஞ்சு அடிக்கிற அதே வேகத்தில் "வுஷ் வுஷ்" என்று கேட்டது. மாடிப்படி ஏறினால் அதுவும் வேகமாகும். முதலில் பார்த்த இடத்தில் டென்ஷன் என்றார்கள். தலைவலியும் இருந்தது, குனிந்து நிமிர்ந்தால் கண் ஒரு நொடி இருட்டும். கடைசியில் கண்டுபிடித்தது கண் மருத்துவர். கண்ணின் பின்பக்கம் பார்வை நரம்பு வீங்கியிருந்தது. மண்டைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கிறது என்று எம்ஆர்ஐ எடுத்து, முதுகில் ஊசி போட்டு அழுத்தம் அளந்து உறுதி செய்தார்கள். மாத்திரையும் எடைக் குறைப்பும் சேர்ந்து இப்போது சத்தம் அடங்கிவிட்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்றார்கள்.

செவிமணி:

மல்லி மேடம் சொன்னது மிக முக்கியம். துடிப்போடு வரும் இரைச்சல் வேறு வகை. அதில் பல நேரம் உண்மையாகவே ஓடும் இரத்தத்தின் சத்தம் கேட்கிறது. இரத்த சோகை, தைராய்டு போன்ற எளிய காரணமாகவும் இருக்கலாம், மூளை உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்திருப்பதாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் விடக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், கூடவே அந்தக் காதில் கேட்கும் திறன் குறைவு என்றால் எம்ஆர்ஐ கேட்போம். செவி நரம்பை ஒட்டி வளரும் சாதாரணக் கட்டி ஒன்று உண்டு, அது புற்றுநோய் அல்ல. எடுத்துப் பார்க்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருக்காது. பல்லடத்தான் தம்பிக்கு இரண்டு பக்கமும் சமமாக, சத்தத்தில் வேலை செய்த வரலாற்றோடு இருப்பதால் அந்தப் பயம் இப்போதைக்குத் தேவையில்லை. தலைசுற்றலும் காதடைப்பும் விட்டு விட்டு வந்து, கனத்த இரைச்சலாகக் கேட்டால் மெனியர் என்ற உட்காது நோயா என்று பார்க்க வேண்டும்.

அவசரம் என்று ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, அதோடு இரைச்சல் என்றால் "நீர் கோத்திருக்கும், சளி இறங்கினால் சரியாகும்" என்று ஆவி பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே ஈஎன்டி மருத்துவரிடம் ஓடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். சொட்டு மருந்து போட்டுக் காத்திருந்து காதை இழந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தவில்வாசிப்பவன்:

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கச்சேரி, கோயில் புறப்பாடு என்று ஓடுகிற ஆள். நாதஸ்வரம் காதுக்குப் பக்கத்தில், என் தவில் மடியில், போதாததற்கு எதிரே ஸ்பீக்கர். முடிந்து வந்தால் இரவெல்லாம் காது கூவும், விடிந்தால் போய்விடும். பஞ்சு வைத்துப் பார்த்தேன், சுருதியே தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டு தவில் வாசிக்க முடியுமா?

செவிமணி:

விடிந்தால் போய்விடுகிறது என்பதில் நிம்மதி அடையாதீர்கள் அண்ணே. காது "இன்றைக்கு அளவு மீறிவிட்டது" என்று சொல்கிற விதம் அது. பஞ்சு கீச்சு ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கும், காப்பாற்றாது. இசைக்காரர்களுக்கு என்றே அடைப்பான் உண்டு. காதின் அச்சு எடுத்துச் செய்வார்கள். உள்ளே இருக்கும் வடிகட்டி எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில், 9, 15, 25 டெசிபல் என்று குறைக்கும். தவிலின் வலந்தலை நாதம் நாதமாகவே கேட்கும், தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கும். முதலில் பயிற்சியின்போது போட்டுப் பழகுங்கள், நேராகக் கச்சேரிக்குப் போட்டுக்கொண்டு போனால் கழற்றி எறிந்துவிடுவீர்கள்.

வீட்டில் அமைதியாக இருக்கும்போது அடைப்பான் வேண்டாம். சத்தத்துக்குப் பயந்து எப்போதும் காதை அடைத்துவைத்தால் மூளை இன்னும் உணர்திறனைக் கூட்டும், பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் குத்த ஆரம்பிக்கும்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

"பழகிக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தையில் எனக்குக் கோபம் அதிகம். சொல்வது தவறு என்பதற்காக அல்ல. எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்களே, அதற்காக. நீச்சல் தெரியாதவனிடம் நீந்து என்று சொல்லிவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றுதான்.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். இரவில் முழு அமைதியைத் தேடுவதை விட்டேன். மின்விசிறி, இல்லாவிட்டால் செல்போனில் மழைச் சத்தம், மெல்லிசாக. பலர் இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்குச் சத்தமாக வைக்கிறார்கள். இரைச்சலுக்கு ஒரு படி கீழே, இரண்டும் கலந்து கேட்கிற அளவில் வைக்க வேண்டும். மூழ்கடித்துவிட்டால் மூளைக்கு அதை அலட்சியம் செய்யப் பழக வாய்ப்பே கிடைக்காது. கரண்ட் போனால் ஓடும்படி பேட்டரி விசிறி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் மனநலச் சிகிச்சை. இதற்கு ஒரு மனநல ஆலோசகரிடம் போ என்றதும் "எனக்கென்ன பைத்தியமா" என்று நானே கேட்டவன். அங்கே நடந்தது வேறு. இரைச்சல் கூடியதாகத் தோன்றும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று எழுதச் சொன்னார். "இது கூடிக்கொண்டே போகும், கடைசியில் செவிடாகிவிடுவேன்" என்று எழுதியிருந்தேன். அதற்கு ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆதாரம் ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. காலையில் கண் விழித்ததும் "இருக்கிறதா, போய்விட்டதா" என்று உற்றுக் கேட்கிற பழக்கத்தை விடச் சொன்னார். அதுதான் மிகக் கடினம், அதுதான் அதிகம் பலன் தந்தது. சத்தம் இன்றும் இருக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதால் இப்போது கேட்கிறது, எழுதி முடித்ததும் மறந்துவிடுவேன்.

2020-ல் காக்ரேன் 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரைச்சலால் வாழ்க்கை கெடுவதை சிபிடி குறைக்கிறது என்றே வந்தது. சத்தத்தின் அளவைக் குறைப்பதாக அது சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

செவிமணி:

ஐயா சொன்னதற்கு ஒரு ஒட்டு. கருவியில் ஒப்பிட்டு அளந்தால் பெரும்பாலோரின் இரைச்சல், அவர்களால் கேட்க முடிந்த மிகச் சிறிய ஒலியைவிட 10, 15 டெசிபல்தான் கூடுதலாக இருக்கும். அளவில் ஒரே மாதிரி இரைச்சல் உள்ள இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போவார், இன்னொருவர் தூங்காமல் அழுவார். அதனால்தான் 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் கொடுத்து, 100 மதிப்பெண்ணுக்குப் பாதிப்பை மதிப்பிடுகிறோம்.

மனம் மிகவும் தளர்ந்து, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறவர்கள் காது மருத்துவருக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இரவுப்பயணி:

செல்போனைத் திறந்தாலே "இரைச்சல் அடியோடு நீங்கும்" என்று விளம்பரம் வருகிறது. ஓர் இடத்தில் ஒலிப் பயிற்சிச் சிகிச்சை என்று பெரிய தொகைக்குப் பேக்கேஜ் சொன்னார்கள். நாக்கில் மின்சாரம் கொடுக்கும் கருவியும் வந்திருக்கிறதாமே. எதை நம்புவது?

செவிமணி:

ஒலிப் பயிற்சிச் சிகிச்சை, அதாவது டிஆர்டி, ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி 1990-ல் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. இரைச்சலை மூளை ஆபத்து என்று முத்திரை குத்துவதுதான் தொந்தரவுக்குக் காரணம் என்ற அந்தக் கருத்து இன்றும் பயனுள்ளது. ஆனால் 2019-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம் சோதித்தபோது, முழு டிஆர்டி பெற்றவர்களும் வழக்கமான ஆலோசனை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். ஆக, நல்ல ஆலோசனைக்குப் பணம் கொடுங்கள், பேக்கேஜின் பெயருக்குக் கொடுக்காதீர்கள்.

நாக்குக் கருவியின் பெயர் லெனைர். காதில் ஒலி, நாக்கில் மென்மையான மின்தூண்டல் இரண்டும் சேர்ந்தது. 2023 மார்ச்சில், மருந்துகளையும் கருவிகளையும் பரிசீலிக்கும் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதன் முக்கிய ஆய்வுகளில் போலிக் கருவி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது என் தயக்கம். விலையும் அதிகம். கடன் வாங்கி வாங்குகிற பொருள் அல்ல. "அடியோடு நீங்கும்" என்று உத்தரவாதம் கொடுக்கிற யாரிடமும் போகாதீர்கள்.

பல்லடத்தான்:

அனைவருக்கும் நன்றி. ஆடியோகிராம் எடுத்துவிட்டேன். இரண்டு காதிலும் 1000 ஹெர்ட்ஸ் வரை 20 டெசிபலுக்குள் இருக்கிறது, எண் கூடினால் இழப்பு அதிகம் என்றார்கள். 2000-ல் 30, 4000-ல் 55, 8000-ல் 35. நடுக்காது நன்றாக இருக்கிறது என்றார்கள். இதற்குக் காது மெஷின் போட வேண்டுமா? இந்த வயதிலா? அரசாங்கத்தில் சான்றிதழ் கிடைத்தால் மெஷின் இலவசமாகக் கிடைக்குமா?

செவிமணி:

நான் எதிர்பார்த்த அதே பள்ளம். 8000-ல் கேட்கும் திறன் திரும்ப ஏறுகிறது பாருங்கள், சத்தத்தால் வந்தது என்பதற்கு அது அடையாளம். மெஷின் கட்டாயம் இல்லை, ஆனால் வாங்குவதற்கு முன் சில வாரம் போட்டுப் பார்க்கக் கொடுப்பவரிடம் போய்ச் சோதியுங்கள். வெளி ஒலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தாலே பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போய்விடுகிறது, டிவி சண்டையும் ஓயும். காதை முழுதாக அடைக்காத, திறந்த வகைக் கருவி கேளுங்கள்.

சான்றிதழ் கிடைக்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பேச்சு அதிர்வெண்களில் இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். இரைச்சலுக்கு மட்டும் சான்றிதழ் இல்லை.

இனிதான் முக்கியமான வேலை. இருப்பதைக் காப்பாற்றுங்கள். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நாடா ஓடுகிற பழைய தறிகள் நிறைந்த குடோனில் ஒரு ஷிப்டு என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்லடத்தான்:

காதை அடைத்துக்கொண்டால் இழை அறுந்தது தெரியாது, தறியின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் பிடிக்கிறோம் என்று ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

செவிமணி:

நியாயமான கேள்வி. அடைப்பான் எல்லாச் சத்தத்தையும்தான் குறைக்கிறது, தறியின் சத்தம் மாறுவது அப்போதும் தெரியும். புதிய சத்தத்துக்குக் காது பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். நுரை அடைப்பானை விரலில் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வாயிலில் தொங்குகிற மாதிரி வைத்தால் பயன் இல்லை. இடையில் "ஐந்து நிமிடம்தானே" என்று கழற்றுவதுதான் பாதுகாப்பைக் கெடுக்கிறது. பேசவேண்டும் என்றால் வெளியே வந்து பேசுங்கள்.

இரவுப்பயணி:

ஒரு சின்னத் தகவல். இரைச்சலான வேலையால் வரும் காது கேளாமை, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே அறிவிக்க வேண்டிய தொழில் நோயாகச் சேர்க்கப்பட்ட ஒன்று. ஈஎஸ்ஐ உள்ள தொழிலாளர்கள் இதற்கான இழப்பீட்டைக் கேட்டு வாங்கலாம். வீட்டோடு சேர்ந்த சின்னக் குடோன்களில் ஈஎஸ்ஐ எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பல்லடத்தான்:

அப்பாவுக்கும் பரிசோதனை எடுத்தேன். அவருக்கு 2000-லிருந்தே சரிந்து போயிருக்கிறது, ஆனால் இரைச்சல் என்று ஒன்று இருப்பதாகவே சொன்னதில்லை. கேட்டதற்கு "அது எப்பவும் இருக்கிறதுதானே, எல்லாருக்கும் இருக்காதா" என்கிறார். அவருடைய ஆடியோகிராமை இங்கேயே போடட்டுமா?

நெறியாளர்:

தனி இழை தொடங்குங்கள். வயதால் வரும் இழப்பும் தறியால் வரும் இழப்பும் கலந்த கதை அது, இங்கே போட்டால் இரண்டும் குழம்பும். பெயர், மருத்துவமனை விவரங்களை மறைத்துவிட்டுப் படத்தை ஏற்றுங்கள். மூலிகைநேசனின் எண்ணெய்ப் பதிவை நீக்கவில்லை, அடியில் தாதி அக்காவின் பதிலை இணைத்து எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.